‘பரவாயில்லை’க்கு எத்தனை மதிப்பெண்?

காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு பரோட்டா கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க நான் கற்பனையில் நடத்தப்போகும் கடை அது. பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டாம். இரவு ஒன்பதரை மணி. சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவிவிட்டுக் கல்லாவுக்கு வருகிறார். “எப்படிண்ணே இருந்துச்சு?” என்று கல்லாவில் இருக்கும் பையன் கேட்கிறான். “பரவால்ல தம்பி” என்று சொல்லி, மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்குகிறார்.

பையனுக்கு இந்தப் பதிலில் ஒரு குழப்பமும் இல்லை. ‘பரவால்ல’ இழுத்து வந்ததா, வெட்டிக்கொண்டு வந்ததா, இலையில் எவ்வளவு மிச்சம், சால்னாவை இரண்டாம் முறை கேட்டாரா என்பதெல்லாம் சேர்ந்து அரை நொடியில் கணக்கு முடிந்துவிடும். அதே மனிதர் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் கடையைத் தேடி, ‘பரவாயில்லை’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிப் போட்டால் கதை வேறு. இப்போது அந்தச் சொல்லை ஓர் இயந்திரம் படிக்கிறது. அதற்கு இலையும் தெரியாது, இழுப்பும் தெரியாது. தெரிவது எழுத்து மட்டும். அந்த எழுத்துக்குள் ஒரு ‘இல்லை’ உட்கார்ந்திருக்கிறது.

‘பர்வா’ பாரசீகச் சொல். கவலை என்று பொருள். கவலை இல்லை என்பதுதான் பரவாயில்லையின் நேர்ப்பொருள். நாம் அதை ‘ஏதோ தேறும்’ என்பதிலிருந்து ‘நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது’ வரைக்கும் ஒரு முழ நீளத்துக்கு இழுத்து வைத்திருக்கிறோம். கடைசியில் ஓர் ஏகாரம் சேர்ந்து ‘பரவாயில்லையே!’ ஆகிவிட்டால் அது பாராட்டு, ஆச்சரியம் கலந்த பாராட்டு. இந்த ஒரு சொல்லுக்கு மைனஸ் ஒன்று போடுவதா, பூஜ்யமா, பிளஸ் ஒன்றா? ஒரு தொழிலே இந்தக் கேள்வியின் மேல் நிற்கிறது.

அந்தத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் சென்டிமென்ட் அனாலிசிஸ் என்று பெயர். தமிழ்நாட்டில் சென்டிமென்ட் என்றால் தாய்ப்பாசமும் தங்கச்சி கல்யாணமும் நினைவுக்கு வந்துவிடும் என்பதால் ‘உணர்வுப் பகுப்பாய்வு’ என்று எழுதிக்கொள்வோம். சோப்பு, செல்போன், மசாலா, வங்கி, விமான சேவை என்று ஒரு பெயரைக் கொடுத்தால், அதைப் பற்றி இணையத்தில் பொதுவெளியில் எழுதப்பட்டதையெல்லாம் திரட்டி, நல்லது, கெட்டது, ரெண்டுங்கெட்டான் என்று பிரித்து, திங்கள்கிழமை காலையில் மேலாளரின் திரையில் ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டும் கருவிகள். ஐந்தாறு பேர் கொண்ட சின்னக் குழுக்களும் இதில் இறங்கிவிட்டன. தொடக்கத்தில் இதற்கு ஆலை வேண்டாம், கிடங்கு வேண்டாம். நாலு கணினியும் மொழி தெரிந்த மனிதர்களும் போதும் என்று தோன்றியதுதான் காரணம். மொழி தெரிந்த மனிதர்கள் எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சென்னையிலேயே சாட்சி உண்டு. 2010-ல் சோஹோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிரிஷ் மாத்ருபூதம், ஸென்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் தன் விலையை ஏற்றியதற்கு அதன் பயனர்கள் இணையத்தில் பொரிந்து தள்ளியிருந்ததைப் படித்தார். ஒரு பிராண்டின் மேல் மக்களுக்கு எவ்வளவு கடுப்பு என்பதை அவர் அளந்தது கண்ணால்தான், கருவியால் அல்ல. அந்த அளவீடு சரியாக இருந்தது. திருச்சியில் வளர்ந்து தஞ்சாவூர்ப் பக்கம் சாஸ்த்ராவில் படித்த அவர் வேலையை விட்டு, கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன இடத்தில் ஸென்டெஸ்க்குக்குப் போட்டியாக ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அதே நிறுவனம் 2016-ல் ஏர்வூட் என்ற டெல்லிக் குழுவை விலைக்கு வாங்கியது. ட்விட்டரில் ஒரு பிராண்டைப் பற்றி வந்து குவியும் பதிவுகளில் வெறும் பேச்சு எது, பதில் சொல்லியே ஆகவேண்டிய புகார் எது என்று சலித்துக் கொடுப்பது ஏர்வூட்டின் வேலை. 2010-ல் ஒரு மனிதர் கண்ணால் செய்ததைச் செய்ய ஆறு வருஷம் கழித்து ஒரு கம்பெனியையே வாங்க வேண்டியிருந்தது.

கிண்டியில் செரண்டியோ என்று இன்னொரு நிறுவனம். அதன் குழு 2013-ல் செம்எவல் என்ற உலகப் போட்டியில் கலந்துகொண்டது. (நம் ‘செம’வுக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை.) ஆங்கில ட்வீட்டுகளில் குறிக்கப்பட்ட ஒரு சொற்றொடர் நல்லபடியாக நிற்கிறதா, கெட்டபடியாகவா என்று சொல்ல வேண்டும். அவர்கள் பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. நல்ல சொற்கள், கெட்ட சொற்கள், மறுப்புச் சொற்கள், விட்டுவிட வேண்டிய சொற்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ட்வீட்டைப் பட்டியலிடம் கொடுக்கும் முன் கொஞ்சம் குளிப்பாட்டி எடுத்தார்கள்: சிரிப்பு முகங்களைக் கண்டுபிடிப்பது, ஹேஷ்டேக்குகளைக் கண்டுகொள்வது, ‘சூப்பர்ர்ர்ர்’ என்பதுபோல் நீட்டி எழுதியதைச் சுருக்குவது. கிடைத்த எஃப் மதிப்பு 0.8004.

எஃப் மதிப்பு என்றால் என்ன? காரைக்கால்மேட்டுப் படகில் ஏறிப் பார்த்தால் சுலபமாகப் புரியும். வஞ்சிரம் வேண்டும் என்று வலை விடுகிறோம். ஏறி வந்த மீனில் எத்தனை பங்கு வஞ்சிரம், எத்தனை பங்கு வேறு என்பது ஒரு கணக்கு. அதற்குத் துல்லியம் என்று பெயர். அந்தக் கடல்பரப்பில் இருந்த வஞ்சிரத்தில் எத்தனை பங்கு நம் வலைக்குள் வந்தது என்பது இன்னொரு கணக்கு, அது மீட்பு. கண்ணியைப் பெரிதாக்கினால் குப்பை குறையும், வஞ்சிரமும் கொஞ்சம் தப்பும். சிறிதாக்கினால் எல்லாம் வரும், குப்பையும் கூடும். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து, எது குறைவோ அதன் பக்கம் சாய்ந்து நிற்கும்படி எடுக்கும் சராசரிதான் எஃப். ஒன்றுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெறும் சொற்பட்டியலை வைத்து 0.8 என்பது அன்றைக்குக் கௌரவமான பிடிப்பு.

ஆனால் அது ஆங்கிலக் கடல்.

இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்ட ஆய்வுகளில் ஒன்று 2002-ல் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் போ பாங், லில்லியன் லீ, ஐபிஎம் அல்மடேன் ஆய்வுக்கூடத்தின் சிவகுமார் வைத்தியநாதன் ஆகிய மூவரும் 700 நல்ல விமர்சனம், 700 மோசமான விமர்சனம் என்று 1,400 திரைப்பட விமர்சனங்களை எடுத்துக்கொண்டார்கள். முதலில் கணினியியல் மாணவர்கள் இருவரைத் தனித்தனியாக உட்கார வைத்து, பாராட்டைக் காட்டும் சொற்களையும் திட்டைக் காட்டும் சொற்களையும் எழுதித் தரச் சொன்னார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இயந்திரம் பிரித்ததில், ஒருவர் பட்டியலுக்கு நூற்றுக்கு 58 சரி, மற்றவருடையதற்கு 64. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். பிறகு தரவைப் புரட்டிப் பார்த்து ஆய்வாளர்களே ஏழும் ஏழுமாகப் பதினாலு அடையாளங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; 69 ஆனது. திட்டுப் பக்கப் பட்டியலில் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் இடம்பிடித்திருந்தன. அவற்றை எந்த மாணவனும் யோசித்து எழுதியிருக்க மாட்டான். எதையும் சொல்லிக் கொடுக்காமல், தரம் பிரித்த விமர்சனங்களை மட்டும் காட்டி இயந்திரத்தைத் தானே கற்கவிட்டபோது 82.9. நம் மொழி நமக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் நாம் அதைப் பேசுகிற விதத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி எனக்கு இந்த எண்களில்தான் முதலில் தெரிந்தது.

அந்த ஆய்வில் ஒரு சின்ன உபாயம் இருந்தது. மறுப்புச் சொல் ஒன்று வந்தால், அதிலிருந்து அடுத்த நிறுத்தக்குறி வரைக்கும் வரும் ஒவ்வொரு சொல்லின் நெற்றியிலும் ‘மறுக்கப்பட்டது’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் போகும். பின்னால் வருகிறவற்றைக் குத்தினால் போதும். தமிழில் மறுப்பு கடைசி வண்டியில் வரும். ‘பரோட்டா மெத்துன்னு, சால்னா காரசாரமா, கூட்டம் இருந்தாலும் சீக்கிரமா கொடுப்பாங்கன்னு சொன்னாங்க, அப்படி ஒண்ணும் இல்ல.’ கடைசி மூன்று சொல் முன்னால் வந்த அத்தனையையும் துடைத்துப் போட்டுவிட்டது. இயந்திரம் முத்திரையைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி ஓட வேண்டும், எங்கே நிற்பது என்றும் தெரியவேண்டும். இன்னொரு தொல்லை, நம் மறுப்பு தனிச்சொல்லாக நிற்பதே குறைவு. வேகல, பிடிக்கல, வரமாட்டேன், தேறாது என்று வினைச்சொல்லின் வயிற்றுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறவை. கற்பனைக் கடைக்குத் திரும்புவோம். கீழே ஐந்து கருத்துகள்.

சால்னா நல்லா இருந்துச்சு.
சால்னாவும் நல்லா இருந்துச்சு.
சால்னா மட்டும் நல்லா இருந்துச்சு.
சால்னாவாவது நல்லா இருந்துச்சு.
சால்னா நல்லாத்தான் இருந்துச்சு.

சொற்பட்டியல் வைத்திருக்கும் இயந்திரத்துக்கு ஐந்தும் ஒன்றுதான்: ‘நல்லா’ ஒன்று, ஆக பிளஸ் ஒன்று. ஐந்துக்கு ஐந்து, கடை முதலாளிக்கு இனிப்பு கொடுக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இவை ஒன்றல்ல என்று. முதலாவது சாதாரணப் பாராட்டு. இரண்டாவது ‘உம்’மால் பரோட்டாவையும் சேர்த்துப் பாராட்டிவிட்டது, பரோட்டா என்ற சொல்லே வராமல். மூன்றாவது பரோட்டாவைக் கைகழுவிவிட்டது. நான்காவதில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. வேறு எதுவும் சரியில்லை, ஏதோ இதாவது மிஞ்சியது என்கிறார். ஐந்தாவதுதான் ஆபத்து. அந்தத் ‘தான்’ ஒரு ‘ஆனா’வுக்காகக் காத்து நிற்கிறது. யாரோ நன்றாக இல்லை என்று சொன்னதற்கு மறுப்பாகவும் அது இருக்கலாம். அப்படியானால் அது முதலாவதைவிடப் பலமான பாராட்டு. எது என்று அந்த வரியை மட்டும் வைத்து நானும் சொல்ல மாட்டேன்.

உம், மட்டும், ஆவது, தான், கூட. இந்த ஒட்டுகள்தான் தமிழில் கருத்தைச் சுமக்கும் சுமைதாங்கிகள். பழைய தேடல் கருவிகள் செய்த முதல் காரியம், சொல்லின் வேரைப் பிடிக்கிறேன் என்று இந்த வால்களை வெட்டி எறிந்ததுதான். மீனைச் சுத்தம் செய்கிறேன் என்று சதையை எறிந்துவிட்டு முள்ளை வைத்துக்கொண்ட கதை.

தமிழுக்குச் சொற்பட்டியல் போடும் முயற்சிகளே நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 2015-ல் இந்தி, வங்காளி, தமிழ் ட்வீட்டுகளுக்கென்று ஒரு போட்டி நடந்தது. 2016-ல் ஹைதராபாத் ட்ரிபிள் ஐடி ஆய்வாளர்கள் தமிழுக்கு ஒரு சென்டிவேர்ட்நெட் (உணர்வு குறித்த சொற்பட்டியல்) உருவாக்கும் பணியை வெளியிட்டார்கள். தேவையான வேலைதான். ஆனால் பட்டியலில் ‘பயங்கரம்’ எங்கே போகும்? ‘பயங்கர ருசி’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? ‘எங்க அம்மா கைப்பக்குவம் மாதிரி வராது’ என்பதில் உள்ள மறுப்பு அம்மாவுக்குப் பாராட்டு, கடைக்கு இடி. ஒரே வரி, இரண்டு பேர், இரண்டு மதிப்பெண்.

புகழ்வதுபோல் பழிக்கும் கலைக்கு வஞ்சப்புகழ்ச்சி என்று நாம் அணியிலக்கணப் பெயரே வைத்திருக்கிறோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. இங்குள்ள வேல்கள் மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன. அங்கே எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது சாரம். இதை ஒரு கருவியிடம் கொடுத்தால் தொண்டைமானுக்கு ஐந்து நட்சத்திரம், அதியமானுக்கு ஒன்று. இன்றைய கருத்துப் பெட்டிகளில் ‘ரொம்ப நல்ல சர்வீஸ், மூணே வாரத்துல போன எடுத்துட்டாங்க’ என்று எழுதுகிறவர் ஔவையின் நேர் வாரிசு. இதைக் கண்டுபிடிக்க இயந்திரத்துக்கு மொழி மட்டும் தெரிந்தால் போதாது. போனை எடுக்க மூன்று வாரம் ஆகக்கூடாது என்ற உலக ஞானமும் வேண்டும்.

சொல்லின் பொருள் இருக்கட்டும், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே முதலில் தெரியவேண்டுமே. அமெரிக்கக் கம்பெனிகளில் பல அகராதியில் இல்லாத பெயர்களாகப் பார்த்துப் பார்த்து வைக்கும். நம் ஆட்கள் குலதெய்வத்தையும் பாட்டியையும் பேரனையும் விடமாட்டார்கள். சக்தி மசாலாவா, தெய்வமா, பக்கத்து வீட்டுப் பெண்ணா? அருண் ஐஸ்கிரீமா, அருண் என்ற பையனா? ஆச்சி மசாலாவா, ஊரில் இருக்கும் ஆச்சியா? ‘அணில் கடிச்ச கொய்யா செம டேஸ்ட்’ என்று எவரோ எழுதிய பரவசம் சேமியாவின் கணக்கில் வரவாகிவிடக் கூடும். பொன்வண்டு சோப்பைத் தேடினால் பூச்சி பிடிக்கும் பையன்களும் வருவார்கள்.

ஊர்ப் பெயரும் தப்பவில்லை. காரைக்காலை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு வழி இல்லை. ‘கா’வுக்கு ஓர் ஏ போடுகிறவர் உண்டு, இரண்டு போடுகிறவர் உண்டு. நடுவில் ஒற்றைக் கே, இரட்டைக் கே. கடைசி ‘கா’வுக்கும் அதே தகராறு. 1739-லிருந்து இங்கே இருந்த பிரெஞ்சுக்காரர்கள் ‘ரை’யைச் சுருக்கிக் ‘கரிகால்’ என்றே எழுதினார்கள். பழைய கட்டடங்கள், பிரான்ஸில் வாழும் குடும்பங்கள் வழியாக அந்த எழுத்தும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பெருக்கினால் பதினாறு. இதில் பிரெஞ்சு எழுத்தைப் பிடிக்க வலை விரித்தால் கரிகாலன் வந்து மாட்டுவான். 2022-ல் பொன்னியின் செல்வன் படம் வந்த சமயத்தில் இப்படித் தேடியிருந்தால், ஆதித்த கரிகாலனுக்குப் போட்ட இதயக்குறிகள் நம் ஊர் லாட்ஜுகளின் பெருமையாகிப் போயிருக்கும். காரைக்கால் அம்மையாரைப் பற்றிய பக்திப் பதிவுகள் வேறு. மாங்கனித் திருவிழா வாரத்தில் ஊரைப் பற்றிய ‘நல்ல கருத்து’ உயர்ந்தால், கேட்பது நம் மாம்பழ வியாபாரத்தைப் பற்றியா, அம்மையாரின் மாம்பழத்தைப் பற்றியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கல்களில் பாதியை இன்றைய பெரிய மொழி மாதிரிகள் தாண்டிவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூகுளின் இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘மியூரில்’ என்ற மாதிரி, பதினாறு இந்திய மொழிகளையும் ஆங்கிலத்தையும் படித்தது. அந்த மொழிகளை ஆங்கில எழுத்தில் எழுதியதையும் அதற்கு ஊட்டினார்கள். இந்த ‘தங்கிலீஷ்’ பயிற்சி இல்லாமல் நம் கருத்துப் பெட்டிகளில் கால் வைக்க முடியாது. வால்களை வெட்டாமல், முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு சேர்த்துப் படிப்பதால் ‘ஆவது’வின் பெருமூச்சை இவை ஓரளவு கேட்கின்றன. ஆனால் எந்த மாதிரியும் சரியா தப்பா என்று பார்க்க, சரியான விடை எழுதிய ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளை எழுதுகிறவர்கள் மனிதர்கள். இந்த அத்தியாயத்தில் எனக்குச் சொல்ல இருப்பது இங்கேதான் இருக்கிறது.

2020-ல் பாரதி ராஜா சக்கரவர்த்தி, விக்னேஷ்வரன் முரளிதரன், ரூபா பிரியதர்ஷினி, ஜான் மக்ரே ஆகியோர் தமிழும் ஆங்கிலமும் கலந்த கருத்துகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களுக்குக் கீழே வந்த 15,744 கருத்துகள். தன்னார்வலர்கள் படித்துப் படித்துப் பெட்டியில் போட்டார்கள், ஒரு கருத்துக்குக் குறைந்தது மூன்று பேர். நல்லது 10,559. கெட்டது 2,037. கலவையான உணர்வு 1,801. எந்தப் பக்கமும் சாயாதது 850. தமிழே இல்லாதது 497.

இந்த எண்களோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். 15,744-ல் 10,559 என்றால் நூற்றுக்கு 67. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘நல்லது, நல்லது’ என்று சொல்லும் ஒரு சோம்பேறி இயந்திரம்கூட நூற்றுக்கு 67 வாங்கிவிடும். ‘எங்கள் கருவி 75 சதவீதம் துல்லியம்’ என்று ஒருவர் பளபளப்பான தாளில் அச்சிட்டு வந்தால், அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, ‘சோம்பேறிக்கு எவ்வளவு வந்தது?’ முன்னோட்டத்தின் கீழ் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். அவர்களிடம் பயின்ற இயந்திரத்தை அப்படியே கொண்டுவந்து மிக்ஸி, கிரைண்டர் பற்றிய புகார்களைப் படிக்க விட்டால் அது விசிலடித்துக்கொண்டே படிக்கும்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று அந்தத் தொகுப்பில் இருக்கிறது. ஒரே கருத்தைப் படித்த மனிதர்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பது. இதை அளக்க கிளவுஸ் கிரிப்பன்டார்ஃப் என்ற அறிஞர் கொடுத்த ஆல்ஃபா என்று ஓர் அளவு உண்டு. எல்லாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனால் 1. கண்ணை மூடிப் பெட்டியில் போட்டால் தற்செயலாக எவ்வளவு ஒற்றுமை வருமோ, அவ்வளவே இருந்தால் 0. சும்மா சதவீதம் சொல்லாமல் தற்செயலைக் கழித்துவிட்டுப் பேசுவதுதான் இதன் அழகு. சோம்பேறிக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. 0.8-க்கு மேல் என்றால் நம்பலாம், 0.667-க்குக் கீழே என்றால் முடிவு எதுவும் எடுக்காதீர்கள் என்பது கிரிப்பன்டார்ஃப் சொல்லும் வழக்கம். தமிழ்த் தொகுப்புக்கு வந்த ஆல்ஃபா 0.66-ஐ ஒட்டி. கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது.

அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. எண்ணை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு. தமிழ் தெரிந்த, படித்த, அக்கறையோடு உட்கார்ந்த மனிதர்களே ‘இது பாராட்டா, நக்கலா’ என்பதில் இவ்வளவுதான் ஒத்துப்போகிறார்கள். மனிதர்கள் பிரிந்து நிற்கும் இடத்தில் இயந்திரம் மட்டும் 93.7 சதவீதம் என்று தசம புள்ளியோடு சொன்னால், அது கற்றது மொழியை அல்ல. விடைத்தாளை எழுதிய அந்த மூன்று பேரின் பழக்கத்தை. மூன்று பேரும் சென்னைக்காரர்களாக இருந்தால் ‘பரவாயில்லை’க்குச் சென்னை மதிப்பெண். காரைக்கால்காரர்களாக இருந்தால் நம் மதிப்பெண். சின்ன நிறுவனம் ஒன்று பெரியவர்களோடு மோத முடிகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மாதிரியை எவரும் வாடகைக்கு எடுக்கலாம். எந்த ஊர் மனிதர்களை உட்கார வைத்து விடைத்தாள் எழுதினாய் என்பதை வாடகைக்கு எடுக்க முடியாது.

இனி, எழுதாதவர்கள். 1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை அதிபர் தேர்தல் கணிப்புக்காக ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வாரிக்கொண்டு போனார். சுமார் 50,000 பேரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்ட ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். டெலிபோன் பட்டியல், கார் பதிவுப் பட்டியல்களிலிருந்து பெயர் எடுத்ததும், சீட்டை மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் தனி ரகம் என்பதும் பத்திரிகையைக் கவிழ்த்தன. இணையக் கருத்து முழுக்கவே திருப்பி அனுப்பிய சீட்டுதான். நட்சத்திர மதிப்பீடுகளை வரைபடமாகப் போட்டால் ஜே எழுத்துபோல் வரும் என்று 2009-ல் ஹூ, பாவ்லூ, ஜாங் ஆகியோர் எழுதினார்கள்: ஐந்து நட்சத்திரம் ஏராளம், ஒற்றை நட்சத்திரம் கொஞ்சம், நடுவில் பள்ளம். உச்சி குளிர்ந்தவரும் வயிறு எரிந்தவரும் எழுதுகிறார்கள். ‘பரவால்ல தம்பி’ என்று சொல்லிப் படியிறங்கியவர் எழுதுவதில்லை.

காரைக்காலில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுக்க 12,47,953. நூற்றுக்குப் பதினாறு. வரைபடத்தில் ‘புதுச்சேரி’ என்று ஒரே வண்ணத்தைத் தீட்டும் கருவியில், தெரிவது கடற்கரைச் சாலைக்கு வார இறுதியில் வந்து போகிறவர்களின் மனசு. நிலப்பக்கமெல்லாம் தமிழ்நாடு சூழ்ந்த இந்தத் துண்டு நிலம் நாகப்பட்டினத்தோடு பேசுகிறது, மயிலாடுதுறையில் சாமான் வாங்குகிறது. கருவியோ அதைத் தொலைதூரத் தலைநகரோடு கட்டிப் போடுகிறது. திருநள்ளாறு தங்கும் விடுதிகளுக்குக் கருத்து எழுதுகிறவர்கள் சனிக்கிழமை வந்து நளதீர்த்தத்தில் முழுகி ஞாயிறு ஊர் திரும்பும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரன் விடுதியில் தங்குவானா என்ன?

கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் எந்த வலை நூல் உழைக்கும், எந்த எஞ்சின் நடுக்கடலில் காலை வாரும் என்று கறாரான பிராண்ட் மதிப்பீடு நடந்துகொண்டேதான் இருக்கிறது. மணலில் உட்கார்ந்து வலை பிரிக்கும்போது நடக்கிறது, வாட்ஸப்பில் குரல் பதிவாக நடக்கிறது. 2016-லிருந்து இரு முனைகளுக்கு நடுவே யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட வெளி அது. எந்தக் கருவிக்கும் உள்ளே இடமில்லை, இருக்கவும் கூடாது. திறந்து கிடந்த இடங்களும் சுருங்கி வருகின்றன. ட்விட்டர் 2023-ல் இலவச வாசலை மூடிவிட்டு, மாதம் 100 டாலருக்கு 10,000 பதிவுகளைப் படித்துக்கொள் என்றது. ஐந்தாறு பேர் நிறுவனத்துக்கு அது தண்ணீரை லிட்டர் கணக்கில் வாங்கி விவசாயம் பார்ப்பதுபோல.

பொய்க் கருத்துகள் தனிக் கதை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் இணையக் கருத்துகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரக்கட்டு கொண்டுவந்தது என்பதோடு இங்கே நிறுத்துகிறேன்.

எஞ்சியிருப்பது ஒரு கணக்கு. நம் கற்பனைக் கடைக்குப் பத்துக் கருத்து வந்து ஒன்பது நல்லதாக இருக்கிறது: 90 சதவீதம். எதிர்ச்சாரிக் கடைக்கு 500 வந்து 450 நல்லது: அதுவும் 90. திரையில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். எட்வின் வில்சன் 1927-லேயே கொடுத்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், எதிர்க்கடையின் உண்மை மதிப்பு ஏறத்தாழ 87-க்கும் 92-க்கும் நடுவே இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். நம் கடைக்கு 60-லிருந்து 98 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த வாரம் இரண்டு பேர் முகம் சுளித்தால் வரைபடம் சரிந்துவிடும். முதலாளி மாஸ்டரைத் திட்டுவார். மாஸ்டர் ஒன்றும் செய்திருக்க மாட்டார். ஊர் சின்னதாக ஆக எண் ஆடும். அந்த ஆட்டத்தைக் காட்டாமல் ஒற்றை எண்ணை மட்டும் காட்டும் கருவியைச் சின்ன ஊர்க் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது என் தீர்ப்பு. 60 முதல் 98 என்று நேர்மையாக எழுதிக் காட்டினால் விற்காது என்பார்கள். விற்காமல் போகட்டும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் ஊர்க் கடை ஒன்றின் பக்கத்திலிருந்து பத்துத் தமிழ்க் கருத்துகளை, நட்சத்திரத்தை மறைத்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து நல்லது, கெட்டது, கலவை என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒருவர் குறித்ததை இன்னொருவர் பார்க்கக் கூடாது. வயதில் மூத்தவர் ஒருவரும் கல்லூரிக்குப் போகிறவர் ஒருவரும் இருந்தால் நல்லது. மூவரும் ஒரே பெட்டியில் போட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். ஏழைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள்.